தம்பி மேல எஃப்.ஐ.ஆர் இருக்கு, அக்னிவீர்ல சேர முடியுமா?

தங்கச்சி, நீ எழுதினத முழுசா படிச்சேன். தம்பிக்கு இப்ப 20 வயசு, அக்னிவீர் ஜெனரல் டூட்டிக்கு ஆன்லைன் எக்ஸாம் பாஸ் பண்ணி, ரேலில ஓடி, மெடிக்கல்லயும் ஃபிட்னு வந்தாச்சு. ஆனா 2023 மே மாசம் ஊர் கோவில் கொடையில நடந்த தகராறுல 7 பேர் மேல போட்ட எஃப்.ஐ.ஆர்ல அவன் பேரு 5வதா இருக்கு, செக்‌ஷன் 294பி, 323, 506(2), அதாவது கெட்ட வார்த்தை திட்டினது, கையால அடிச்சது, கொலை மிரட்டல் விட்டது. கோச்சிங் சென்டர்ல 'கேஸ் இல்லைன்னு போட்டுட்டு போடா, யாரு பாக்கப் போறா'ங்கறாங்க, சித்தப்பா 'கேஸ்னு வந்துட்டாலே மிலிட்டரி அவ்ளோதான்'ங்கறாரு, யார் சொல்றத கேக்கறதுன்னு தெரியலன்னு எழுதிருக்க.

ரெண்டு பேர் சொல்றதையும் கேக்காத. அதுலயும் கோச்சிங் சென்டர் சொல்றத கண்டிப்பா கேக்காத. நான் தென் மாவட்டத்துல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுகள்ல ப்ராக்டிஸ் பண்றவன், எங்க அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர், அதனால இந்த மாதிரி பசங்க கேஸு எங்கிட்ட நிறைய வரும். இதுல பாதிக்கு மேல கேஸு பெருசுன்றதால வேலை போனது கிடையாது, கேஸ சரியா முடிக்காம விட்டதும் ஃபார்ம்ல மறைச்சதும்தான் வேலைய காலி பண்ணும்.

மொதல்ல சித்தப்பா பயத்த பாத்துடலாம், ஏன்னா அது சும்மா கெளம்பின பயம் இல்ல. 2022 ஜூன் 14ம் தேதி அக்னிபத் திட்டத்த அறிவிச்சாங்க, அடுத்த ரெண்டு மூணு நாள்ல பீகார்ல ட்ரெயின்கள கொளுத்துனாங்க, 17ம் தேதி செகந்திராபாத் ஸ்டேஷன்ல பெரிய கலவரமாகி போலீஸ் சுட்டதுல ஒரு பையன் செத்துப்போனான். 19ம் தேதி முப்படை அதிகாரிகள் டெல்லில பிரஸ் மீட் வச்சு, சேர வர்ற ஒவ்வொருத்தனும் நான் இந்தப் போராட்டத்துலயோ தீ வைப்புலயோ இல்லன்னு எழுதிக் கொடுக்கணும், 100 சதவீதம் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு, எஃப்.ஐ.ஆர் இருந்தா சேர முடியாதுன்னு வெளிப்படையாவே சொன்னாங்க. அந்தப் பேச்சுதான் ஊர் ஊரா பரவி 'எஃப்.ஐ.ஆர்னாலே அவ்ளோதான்'னு ஆகிப்போச்சு. கேஸ் நடந்துட்டு இருக்கற நிலைமையில அது கிட்டத்தட்ட உண்மைதான், பெண்டிங் கேஸோட யாரையும் ட்ரெய்னிங்குக்கு அனுப்ப மாட்டாங்கன்னு வச்சுக்கோ. ஆனா முடிஞ்சு போன கேஸு வேற, கோர்ட்டே ரத்து பண்ண கேஸு வேற, சின்னப் பையனா இருந்தப்ப வந்த கேஸு முழுக்க வேற. இது எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிட முடியாது.

இப்ப அந்த ஃபார்முக்கு வருவோம். படையில சேர்றப்ப என்ரோல்மென்ட் ஃபார்ம்னு ஒன்னு இருக்கு, அதுல இருக்கற கேள்விய நம்ம பேச்சுல சொல்றேன், கவனமா படி: 'நீ எப்பவாவது ஜெயில்ல இருந்திருக்கியா, இல்ல ஏதாவது குற்றத்துக்கு உன் மேல வழக்கு நடக்குதா, இல்ல உன் மேல மாஜிஸ்ட்ரேட்கிட்டயோ போலீஸ்கிட்டயோ ஏதாவது புகாரோ ரிப்போர்ட்டோ போயிருக்கா, இருந்தா விவரம் கொடு'. தண்டனை வாங்கிருக்கியான்னு மட்டும் கேக்கல பாத்தியா, புகார் போயிருக்கான்னு கேக்கறாங்க. அதனால 'எனக்குத் தண்டனை எதுவும் கெடைக்கல, அதனால இல்லைன்னு போட்டேன்'ங்கற சமாதானம் அங்க நிக்காது. எஃப்.ஐ.ஆர் இருந்தா அது இந்தக் கேள்விக்குள்ள வரும், ஆர்.டி.ஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல 107, 110ன்னு நன்னடத்தை பாண்டு எழுதி வாங்கினாங்கன்னா அதுவும் வரும், ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர் போடாம சி.எஸ்.ஆர்ங்கற புகார் ரசீது மட்டும் போட்டு எழுதி வாங்கிட்டு அனுப்பினாலும் அது போலீஸ்கிட்ட போன புகார்தானேன்னு ஒரு அதிகாரி நெனச்சா அவர தப்பு சொல்ல முடியாது. அந்தக் கேள்விய என்ரோலிங் ஆபீசர் முன்னாடி கேட்டு, பதில எழுதி, பையன் கையெழுத்து போடறான். அந்தக் கையெழுத்துக்கு ஆர்மி ஆக்ட் 1950, செக்‌ஷன் 44ல, தெரிஞ்சே பொய் பதில் சொன்னதுக்கு 5 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. அக்னிவீருக்கும் ஆர்மி ஆக்ட்தான் பொருந்தும், நாலு வருஷ சர்வீஸ்தானேன்னு விதிவிலக்கு எதுவும் இல்ல. நான் பாத்த வரைக்கும் கோர்ட் மார்ஷல் வரைக்கும் இழுக்காம டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஆனா அந்த டிஸ்சார்ஜ் பேப்பர்ல என்ன காரணம்னு எழுதிருக்குமே, அதுக்கப்புறம் அவன் எந்த கவர்மென்ட் வேலைக்கு போனாலும் அந்தக் காரணமும் கூடவே வரும்.

'யாரு பாக்கப் போறா'ங்கறத சொல்றவங்களுக்கு வெரிஃபிகேஷன் எப்படி நடக்குதுன்னே தெரியல. வெரிஃபிகேஷன் ரோல், அதாவது பையனப் பத்தி விசாரிச்சு எழுதச் சொல்ற ஃபார்ம், மாவட்ட எஸ்.பி ஆபீசுக்கு, சிட்டின்னா கமிஷனர் ஆபீசுக்கு வரும். அங்க இருந்து ஸ்பெஷல் பிராஞ்ச் ஆளு ஊருக்கு வந்து விசாரிப்பாரு, லோக்கல் ஸ்டேஷன்ல ரைட்டர்கிட்ட கேப்பாரு, இப்ப சி.சி.டி.என்.எஸ்னு எல்லா ஸ்டேஷனையும் கம்ப்யூட்டர்ல இணைச்சிருக்கறதால பேரையும் அப்பா பேரையும் போட்டா கேஸ் வந்து நிக்கும். அதுக்கும் மேல, 2016 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் யூத் பார் அசோசியேஷன் வழக்குல சொன்னதுல இருந்து எஃப்.ஐ.ஆர 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல ஏத்தணும், பெண்கள் சம்பந்தப்பட்ட பாலியல் வழக்கு மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. அதனால தம்பி பேரு இருக்கற எஃப்.ஐ.ஆர யார் வேணாலும் வீட்டுல உக்காந்து டவுன்லோட் பண்ணலாம். ஊர்ல எதிர் பார்ட்டி இருக்காங்க பாரு, கோவில் தகராறுல அந்தப் பக்கம் நின்னவங்க, பையன் செலக்ட் ஆயிட்டான்னு தெரிஞ்ச மறுநாளே அந்த எஃப்.ஐ.ஆர் காப்பிய இணைச்சு ஒரு பெட்டிஷன் அனுப்பிடுவாங்க, இது எங்க பக்கத்துல ரொம்ப சகஜம்.

ஒரு பையன் விஷயம் சொல்றேன், ஆளு யாருன்னு தெரியாத அளவுக்கு சொல்றேன். பஸ் ஸ்டாண்டுல ராத்திரி சத்தம் போட்டதுக்கு ஒரு சின்ன கேஸு, ஃபைனும் கட்டியாச்சு. ஃபார்ம்ல இல்லைன்னு போட்டுட்டான், போடச் சொன்னது அவன் ட்ரெய்னர். ட்ரெய்னிங்ல நல்லா பண்ணிட்டு இருந்தவன, போலீஸ் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டு விளக்கம் கேட்டு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க அப்பா பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா எல்லாப் பேப்பரையும் வச்சு எடுத்துட்டு வந்தாரு, கால் லெட்டர், ட்ரெய்னிங்ல எடுத்த குரூப் போட்டோ, கடைசியா அந்த டிஸ்சார்ஜ் லெட்டர். லெட்டர்ல அந்த பஸ் ஸ்டாண்டு கேஸ பத்தி பெருசா ஒன்னும் இல்ல, கேட்ட கேள்விக்கு பொய் சொன்னான்னுதான் இருந்துச்சு. உண்மைய எழுதிருந்தா அந்த அளவு கேஸுக்கு ஒரு அதிகாரி மனசு வச்சு விட்டுருக்க வாய்ப்பு இருந்துச்சு. மறைச்சப்புறம் அந்த வாய்ப்பும் போச்சு.

இதுக்கு சட்டத்துல இருக்கற முக்கியமான தீர்ப்பு அவதார் சிங் வழக்கு, 2016 ஜூலைல சுப்ரீம் கோர்ட்ல மூணு நீதிபதிகள் கொடுத்தது. அதுல என்ன சொன்னாங்கன்னா, மறைச்சுட்டான்ற ஒரே காரணத்துக்காக மெஷின் மாதிரி தூக்கி எறியக்கூடாது, கேஸ் எந்த மாதிரின்னு பாக்கணும். சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரி அற்பமான கேஸா இருந்தா மறைச்சதக் கூட மன்னிக்கலாம், ஆனா ஒன்னுக்கு மேல பெண்டிங் கேஸு இருந்து அத மறைச்சா அது ஒன்னே போதும் நிறுத்தறதுக்கு. உண்மைய எழுதினவனையும் கட்டாயம் எடுத்தே ஆகணும்னு இல்ல, அவன் முன்வரலாற பாத்து முடிவு பண்ற உரிமை எடுக்கறவங்களுக்கு இருக்கு. இதையெல்லாம் இன்டர்நெட்ல பாத்துட்டு 'சுப்ரீம் கோர்ட்டே மன்னிச்சிருக்கு, மறைச்சா பரவால்ல'ன்னு சில பேரு சொல்றாங்க. அது ரொம்ப ஆபத்தான வாசிப்பு. 2022 மே மாசம் பவன் குமார்னு ஆர்.பி.எஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) கான்ஸ்டபிள் ஒருத்தருக்கு சாதகமா தீர்ப்பு வந்துச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல சதீஷ் சந்திர யாதவ்னு சி.ஆர்.பி.எஃப் ஆளுக்கு எதிரா வந்துச்சு, யூனிஃபார்ம் சர்வீஸ்ல நேர்மைய இன்னும் கறாரா பாக்கணும்னு அதுல சொன்னாங்க. ரெண்டும் ஒரே வருஷம். 2024 பிப்ரவரில ரவீந்திர குமார்னு ஒரு உத்தரப்பிரதேச கிராமத்துப் பையனுக்கு, பையன்னு சொல்றேன், அவர் கான்ஸ்டபிளா செலக்ட் ஆனது 2004ல, வேலைய திருப்பிக் கொடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்ல ஏறக்குறைய 20 வருஷம் ஆச்சு. அக்னிவீர் வேலையே நாலு வருஷம், அதுக்கு சேர்ற வயசு முடிஞ்சப்புறம் கேஸ் ஜெயிச்சு என்ன பண்றது சொல்லு. கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கலாம்ங்கறத திட்டமா வச்சுக்கிட்டு பொய் எழுதக் கூடாது.

அடுத்து, கேஸ் 'முடிஞ்சுது'ன்னு எல்லாரும் சொல்றாங்களே, எப்படி முடிஞ்சுதுங்கறதுதான் விஷயமே. இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நெறைய குடும்பம் இங்கதான் ஏமாறுது.

சின்ன கேஸுகள்ல கோர்ட் வாசல்ல ஒரு அறிவுரை கிடைக்கும், ஸ்டேஷன்ல இருந்து வர்ற ஏட்டய்யா சொல்லுவாரு, சில நேரம் வக்கீலே சொல்லுவாரு, 'எதுக்கு வாய்தா வாய்தாவா அலையற, குற்றத்த ஒத்துக்க, ஆயிரமோ ரெண்டாயிரமோ ஃபைன் கட்டிட்டு போயிட்டே இரு'ன்னு. பையனும் ஒரே நாள்ல முடியுதேன்னு தலையாட்டிட்டு வருவான். சட்டப்படி அன்னைக்கு அவனுக்கு ஆனது தண்டனை. ஃபைன் கம்மியா இருக்கலாம், ஆனா குற்றவாளின்னு கோர்ட் ரெக்கார்டுல ஏறிடுச்சு, அத அழிக்கறதுக்கு நம்ம நாட்டுல பொதுவான வழி எதுவும் இல்ல. வேலைக்குப் போற வயசுல இருக்கற பையன் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டக் கூடாது. லோக் அதாலத்துல சமரசமா முடிக்கறது வேற, அங்கயே சின்ன கேஸ ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டறது வேற, என்ன பேப்பர்ல கையெழுத்து வாங்கறாங்கன்னு படிச்சுப் பாக்கணும். ஏற்கனவே கேஸு நடந்து குத்தம் நிரூபணம் ஆகற மாதிரி இருந்தா, ப்ரொபேஷன் ஆஃப் அஃபெண்டர்ஸ் ஆக்ட் 1958ல, ஜெயிலுக்கு அனுப்பாம நன்னடத்தை பேர்ல விடச் சொல்லிக் கேக்கலாம். அதுல செக்‌ஷன் 12 தண்டனையால வர்ற தகுதியிழப்ப நீக்குது, ஆனா குத்தம் பண்ணவன்ங்கற தீர்ப்ப அது தொடைக்கறது இல்ல, அதனால எல்லா இடத்துலயும் காப்பாத்தும்னு நம்பக் கூடாது.

விடுதலை ஆனவங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. தீர்ப்போட கடைசி பாராவ எடுத்துப் பாரு. 'அரசுத் தரப்பு குற்றச்சாட்டை நிரூபிக்கவில்லை, எதிரி குற்றவாளி இல்லை'ன்னு இருக்கா, இல்ல 'சாட்சிகள் பிறழ் சாட்சியாக மாறியதால் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து'ன்னு இருக்கா? ஊருக்கு ரெண்டும் விடுதலைதான், யூனிஃபார்ம் வேலைக்கு ரெண்டும் ஒன்னு இல்ல. சமுத்திரம் வழக்குன்னு நம்ம தமிழ்நாட்டு போலீஸ்காரர் ஒருத்தர் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2012 கடைசில தீர்ப்பு, சாட்சி மாறினதால வந்த விடுதலைய கௌரவமான விடுதலையா எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. தமிழ்நாடு போலீஸ் ரூல்ஸ்ல 14பின்னு ஒரு விதி இருக்கு, அதுல சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனவன கிரிமினல் கேஸுல சம்பந்தப்பட்டவனாவே கருதுவோம்னு நேராவே எழுதி வச்சிருக்காங்க. தம்பி அக்னிவீர் கெடைக்கலன்னா கான்ஸ்டபிளுக்குப் போடலாம்னு நீ எழுதிருக்க, அங்க இதே சுவர் இன்னும் உயரமா நிக்குது. பி.எஸ்.எஃப், சி.ஆர்.பி.எஃப் பக்கம் உள்துறை அமைச்சகம் 2012 பிப்ரவரில ஒரு கொள்கை போட்டிருக்கு, கடுமையான குற்றம், ஒழுக்கக்கேடான குற்றம்னா சாட்சி மாறி விடுதலை ஆனாலும் எடுக்க மாட்டாங்க.

எந்த கேஸு எவ்ளோ கனம்னு கேட்டேன்னா, கஞ்சா, திருட்டு, போக்சோ, பெண்கள்கிட்ட தப்பா நடந்தது, கொலை முயற்சி, இதெல்லாம் வந்துட்டா நான் யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். குண்டாஸ்ல உள்ள போனவன், ஸ்டேஷன்ல ரவுடி லிஸ்ட்ல பேரு இருக்கறவன், இவங்களுக்கும் அதே பதில்தான். ஊர்ச் சண்டை, கெட்ட வார்த்தை திட்டினது, கையால அடிச்சது, அனுமதி இல்லாம ஊர்வலம் போனது, இதுலதான் போராட எடம் இருக்கு. போராட்ட வழக்குகள அரசே வாபஸ் வாங்கறதும் நடக்குது. ஜல்லிக்கட்டு போராட்ட வழக்குகளயும், தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகளயும் தமிழ்நாடு அரசு 2021ல வாபஸ் வாங்கறதா அறிவிச்சுது, கடுமையான குற்றச்சாட்டு உள்ளத மட்டும் விட்டுட்டு. ஆனா அரசு அறிவிச்ச உடனே கேஸு போயிடாது, அரசு வக்கீல் மனு போட்டு கோர்ட் அனுமதிக்கணும், அந்த உத்தரவு காப்பிதான் உன் கையில இருக்க வேண்டிய பேப்பர். பேப்பர் செய்திய வெட்டி ஃபைல்ல வச்சிருக்கறவங்கள பாத்திருக்கேன், அது எங்கயும் செல்லாது.

அமெரிக்கால வெய்வர் கொடுப்பாங்களாமே, இங்க அந்த மாதிரி ஃபார்ம் இருக்கான்னு கேட்டிருக்க. அங்க பழைய குற்றத்துக்கு விலக்கு கேட்டு, அதிகாரிங்க பரிசீலிச்சு எடுக்கற நடைமுறை இருக்கு, உண்மைதான். நம்ம ஆர்மில சிப்பாய் சேர்ப்புக்கு அப்படி விண்ணப்பிக்கற முறை கிடையாது. இங்க இருக்கறது ஒரே ஒரு கதவு, கேஸ கோர்ட்ல சுத்தமா முடிச்சு அத ஒளிக்காம சொல்றது.

இப்ப உன் தம்பி விஷயத்துக்கு வர்றேன். நீ கடைசி வரில போற போக்குல எழுதிருக்க, 'அப்ப ப்ளஸ் டூ முடிச்ச லீவு, 18 கூட ஆகல'ன்னு. தங்கச்சி, நீ எழுதினதுலயே முக்கியமான வரி அதுதான், அத மொதல் வரியா எழுதிருக்கணும்.

சம்பவம் நடந்த அன்னைக்கு 18 முடியலன்னா அவன் சட்டத்து முன்னாடி குழந்தை. சிறார் நீதிச் சட்டம் 2015, செக்‌ஷன் 24, அந்தச் சட்டத்துல விசாரிக்கப்பட்ட சிறாருக்கு அந்தக் குற்றத்தால எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாதுங்குது. 16 வயசுக்கு மேல கொடூரமான குற்றம் பண்ணி, பெரியவங்க மாதிரி விசாரிக்கணும்னு முடிவாகி, குத்தம் செஞ்சான்னு தீர்ப்பானவங்களுக்குத்தான் விலக்கு இருக்கு, உன் தம்பி கேஸு அதுல கிட்டயே வராது. அப்பீல் காலம் முடிஞ்சப்புறம் அந்த ரெக்கார்டுகளயும் அழிக்கணும். செக்‌ஷன் 74 இன்னும் தெளிவு, நடத்தைச் சான்றுக்காக சிறாரோட ரெக்கார்ட போலீஸ் வெளியிடவே கூடாது, முடிஞ்ச கேஸுக்கு மட்டும் இருந்தத 2021 திருத்தத்துல பெண்டிங் கேஸுக்கும் சேத்துட்டாங்க. 2019ல ரமேஷ் பிஷ்னோய்னு ஒருத்தர் வழக்கு, சி.ஐ.எஸ்.எஃப்ல எஸ்.ஐ வேலை, சம்பவத்தப்ப மைனர், சுப்ரீம் கோர்ட் அவருக்கு வேலை மறுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஒரு பையன் சின்ன வயசுல நடந்த ஒரு சண்டையால வாழ்நாள் பூரா முத்திரையோட அலையக் கூடாதுங்கறதுக்காகவே பார்லிமென்ட் இத எழுதி வச்சிருக்கு, அத உபயோகிக்காம விடறத பாக்கறப்ப எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஆனா நடைமுறைல என்ன ஆகும் தெரியுமா, கோவில் தகராறுல எதிர் பார்ட்டி கொடுக்கற புகார்ல வயசு எல்லாம் குத்துமதிப்பா இருக்கும், ஸ்டேஷன்லயும் பாக்க வளந்த பையனா இருந்தா 19ன்னு எழுதிட்டு எல்லாரையும் ஒரே சார்ஜ் ஷீட்ல சேத்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்க. உன் தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கணும்னு தோணுது, நீ அனுப்பின எஃப்.ஐ.ஆர்ல 'வயது 19'னு இருக்கு, பத்தாவது மார்க் ஷீட்படி பாத்தா 17தான். அப்படி இருந்தாலும் கவலப்படாத, மைனர்ங்கறத எந்தக் கோர்ட்லயும் எந்தக் கட்டத்துலயும் எழுப்பலாம், தீர்ப்பே ஆகிப்போயிருந்தாலும் எழுப்பலாம், செக்‌ஷன் 9. வயசுக்கு ஆதாரம் ஸ்கூல் சர்டிஃபிகேட், பத்தாவது மார்க் ஷீட், அது இல்லன்னாதான் பஞ்சாயத்து, நகராட்சி பிறப்புச் சான்று. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போட்டு தம்பி பேர தனியா பிரிச்சு மாவட்டத்துல இருக்கற சிறார் நீதிக் குழுமத்துக்கு மாத்தச் சொல்லணும். செக்‌ஷன் 506(2)க்கு 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கறதால இது சட்டப்படி சிறு குற்றம்ங்கற வகைல வராது, வெறும் 506(1)ஆ இருந்திருந்தா சிறு குற்றமாகி, 4 மாசம், நீட்டிச்சா இன்னும் 2 மாசம், அதுக்குள்ள விசாரணை முடியலன்னா வழக்கே தானா முடிஞ்சிடும். கத்தி, கட்டை எதுவும் இல்லாத சண்டைல 506(2)ஏ நிக்குமான்னு உங்க வக்கீல் கேக்கணும், எங்க பக்கத்துல ஊர்ச் சண்டைன்னாலே பழக்க தோஷத்துல இந்த மூணு செக்‌ஷனையும் சேத்துத்தான் போடறாங்க.

இதோட கூடவே இன்னொரு வழியயும் பாரு. இந்தத் தகராறுக்கு கேஸ் இன் கவுண்டர் இருக்குன்னு சொல்லிருக்க, அதாவது நீங்க கொடுத்த புகார்ல அவங்க மேலயும் எஃப்.ஐ.ஆர் இருக்கு. அப்ப ரெண்டு பக்கமும் சமரசத்துக்கு வர்றதுக்கு காரணம் இருக்கு, அந்தப் பக்கமும் படிக்கற பசங்க இருப்பாங்க. 294பிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சமரசமா முடிக்க முடியாது, அதனால மதுரை ஹைகோர்ட் கிளைல எஃப்.ஐ.ஆரயோ சார்ஜ் ஷீட்டயோ ரத்து பண்ண மனு போடணும், முன்னாடி 482ன்னு சொல்வாங்க, 2024 ஜூலைல புதுச் சட்டம் வந்தப்புறம் 528. ரெண்டு பார்ட்டியும் கையெழுத்து போட்ட சமரச மெமோ, ஆதார் காப்பி, ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு நேர்ல வந்து நிக்கணும், ஸ்டேஷன்ல இருந்து வந்து இவங்கதான்னு அடையாளம் சொல்லுவாங்க. தனிப்பட்ட சண்டைகள சமரசத்துல ரத்து பண்ணலாம்னு 2012லயே கியான் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ரெண்டு பார்ட்டியும் ஒத்துழைச்சா இது சில வாரத்துல முடியறதும் உண்டு. ரெண்டு வழில எது முந்தி முடியும்னு தேதி பாத்து முடிவு பண்ணுங்க, என்னக் கேட்டா ரெண்டயும் சேத்தே ஆரம்பிக்கச் சொல்வேன், ரத்து மனுவுலயே பையன் மைனர்ங்கறத எழுதி மார்க் ஷீட்ட இணைச்சிடணும்.

உத்தரவு கைக்கு வந்ததும் வேலை முடியலம்மா, நெறைய பேரு இங்க விட்டுடறாங்க. ஹைகோர்ட் ரத்து பண்ணிருக்கும், ஸ்டேஷன் ரிஜிஸ்டர்ல இன்னும் பெண்டிங்னே இருக்கும், வெரிஃபிகேஷன் வந்தா ரைட்டர் ரிஜிஸ்டர பாத்து 'கேஸ் நிலுவையில் உள்ளது'ன்னு எழுதி அனுப்பிடுவாரு, அவருக்கு பையன் மேல எந்தக் கோபமும் கிடையாது, ரிஜிஸ்டர்ல இருக்கறத எழுதறாரு. அதனால சர்டிஃபைட் காப்பி ஒன்ன ஸ்டேஷன்ல கொடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கு, எஸ்.பி ஆபீசுக்கும் மாவட்ட குற்ற ஆவணக் கூடத்துக்கும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் டைரிலயும் கேஸ் க்ளோஸ் ஆச்சான்னு பாரு. ஒரு மாசம் கழிச்சு தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே தம்பி பேர்ல போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு நீங்களே பணம் கட்டி ஒரு தடவ விண்ணப்பிச்சுப் பாருங்க, அவங்க ரெக்கார்டுல இப்ப என்ன இருக்குன்னு ஆர்மிக்கு தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்கு தெரிஞ்சிடும். இ-கோர்ட்ஸ் ஆப்லயும் பேர் போட்டு தேடுங்க, கவுண்டர் கேஸு உள்ள ஊர்ல வேற ஏதாவது எஃப்.ஐ.ஆர்ல 'மற்றும் சிலர்'னு இருந்து பின்னாடி பேரு சேத்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.

இனி ஃபார்ம். மைனரா இருந்தப்ப நடந்தத சொல்லவே வேண்டியதில்லைன்னு வாதாடற உரிமை அவனுக்கு இருக்கு, பிஷ்னோய் தீர்ப்பும் துணைக்கு இருக்கு. ஆனா எஃப்.ஐ.ஆர்ல 19னு வயசு இருக்கற வரைக்கும், வெரிஃபிகேஷன்ல அது ஒரு மேஜர் மேல உள்ள கேஸாத்தான் தெரியும், அவன் இல்லைன்னு எழுதினது பொய்யாத்தான் தெரியும், அப்புறம் கோர்ட்ல விளக்கிட்டு இருக்கணும். அதனால அவன் என் தம்பியா இருந்தா நான் எழுதச் சொல்வேன். கட்டம் சின்னதா இருந்தா 'விவரம் இணைக்கப்பட்டுள்ளது'ன்னு போட்டு தனித்தாள்ல இந்த மாதிரி: 'இன்ன ஸ்டேஷன், இன்ன குற்ற எண், 2023, செக்‌ஷன் இவை. சம்பவ நாளில் எனக்கு 17 வயது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று இணைத்துள்ளேன். வழக்கு இன்ன நீதிமன்ற உத்தரவுப்படி இன்ன தேதியில் முடிந்தது, உத்தரவு நகல் இணைத்துள்ளேன். சிறார் நீதிச் சட்டம் பிரிவு 24ன் கீழ் எனக்குத் தகுதியிழப்பு இல்லை.' இதுக்கு மேல கதை எதுவும் வேண்டாம், யாரு மொதல்ல அடிச்சாங்கன்னு எல்லாம் எழுதவே கூடாது. அவன் கையெழுத்துலயே இங்கிலீஷ்ல எழுதட்டும், போட்டோ காப்பி ஒன்னு வீட்டுல இருக்கட்டும், கொடுத்ததுக்கு அத்தாட்சி வாங்க முடிஞ்சா வாங்குங்க, இல்லன்னா ரெக்ரூட்டிங் ஆபீசுக்கே அதே தாள ரிஜிஸ்டர் தபால்லயும் அனுப்பிடுங்க.

கேஸ் முடியறதுக்குள்ள ட்ரெய்னிங்குக்கு அனுப்பற டிஸ்பாட்ச் தேதி வந்துட்டா பொய் எழுதி ஏறிடாதீங்க. உண்மைய எழுதி, மனு நிலுவைல இருக்கு, மைனர்ங்கறதுக்கு ஆதாரம் இதுன்னு கொடுத்துப் பாருங்க. அவங்க நிராகரிச்சா அத எழுத்துல வாங்குங்க, அத வச்சு ஹைகோர்ட்ல ரிட் போடலாம், அதுலயும் செக்‌ஷன் 24தான் உங்க பலம். இன்னும் ஆர்மில சேராத பையன்கறதால ஹைகோர்ட்தான், சேர்ந்து என்ரோல் ஆனப்புறம் வர்ற பிரச்சனைக்குத்தான் சென்னைல இருக்கற ஆயுதப்படைத் தீர்ப்பாயம். வக்கீல் ஃபீஸ் கஷ்டம்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்துலயே இருக்கு, வருமானச் சான்றோட போங்க.

நாளைக்கே பத்தாவது மார்க் ஷீட், எஃப்.ஐ.ஆர் காப்பி, சம்மன் எதுவும் வந்திருந்தா அது, மூணயும் எடுத்துட்டு உங்க வக்கீல்கிட்ட போங்க. சார்ஜ் ஷீட் போட்டாங்களா இல்லையாங்கறத நீ எழுதல, அத மொதல்ல கேளுங்க, இன்னும் போடலன்னா புலனாய்வு அதிகாரிகிட்டயே வயசுச் சான்ற கொடுத்து மனு போட்டுடலாம், பாதி வேலை அங்கயே குறையும். டிஸ்பாட்ச் எப்பன்னு தேதி தெரிஞ்சா இங்கயே எழுது, அதுக்கேத்த மாதிரி எத முந்திப் போடணும்னு சொல்றேன்.